உப்பிடப் போகிறவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் நாட்டுப் பழமொழி. மரக்காணத்து உப்பு மண்ணில் பிறந்தவள் நான்; ஆதலால் இந்தப் பழமொழியை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே கேட்டு வளர்ந்திருக்கிறேன். உண்ட வீட்டை மறக்கக் கூடாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், உப்பிட்ட பிறகு நினைக்கச் சொன்ன பழமொழி, உப்பிடுவதற்கு முன்னால் அவரைப் பற்றி எண்ணிப் பார்க்காதே என்று எங்கேயும் தடை விதிக்கவில்லை. வேலைக்கு மனுப் போடுமுன், நேர்முகத் தேர்வுக்குப் புறப்படுமுன், வேலை தரப்போகிறவர் யார், எத்தகையவர் என்று விசாரித்து அறிவது மாணவராகிய நம் ஒவ்வொருவரின் உரிமை, கடமையுங்கூட. இதனை என் உடன் பயிலும் தோழர் தோழியர்க்கும், பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் விசாரிக்காமல் எதைச் செய்கிறார்கள்? மாடு வாங்கப் போனால் சுழி பார்க்கிறார்கள், பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் நான்கு பேரைக் கேட்கிறார்கள். சீட்டுக் கட்டும் முன் சீட்டுப் பிடிப்பவரின் பூர்வீகத்தையே தோண்டி எடுத்துவிடுகிறார்கள். வேலை விஷயத்திலும் அப்படித்தான். ஐப்பசி மழை தொடங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும். மழை ஓய்ந்து, தை பிறந்து, பாத்திகளைச் செப்பனிடும் காலம் வந்ததும் எங்கள் தெருப் பெண்கள் கூடிப் பேசுவது ஒன்றே ஒன்றுதான். இந்த ஆண்டு யார் அளத்துக்குப் போவது? அவர் வாரக் கூலியை வாரத்திலேயே தருவாரா, இழுத்தடிப்பாரா? குடிதண்ணீர் வருமா? உச்சி வெயிலில் ஒதுங்க ஒரு கொட்டகையாவது உண்டா? மேஸ்திரியின் வாய் எப்படி? காலில் உப்பு அறுத்துப் புண்ணானால் மருந்துச் செலவு யாருடையது? இத்தனையும் கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகுதான் என் தாயார் முன்பணத்தில் கை வைப்பார். அவர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

பட்டப் படிப்பு படிக்கிற நாமோ? வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வருகிறது. ‘எந்தப் பட்டமும் போதும், கை நிறையச் சம்பளம், உடனே வருக’ என்று நான்கு வரி. நிறுவனத்தின் முழுப் பெயர் இல்லை, முகவரி இல்லை. அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, பதினோராவது ஆளாக நாமும் மனுப் போடுகிறோம். போகும் இடத்தில் என்ன தயாரிக்கிறார்கள், யார் முதலாளி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. மூன்றாம் வகுப்பு படித்த தாய் விசாரிக்கிறார்; பதினான்கு ஆண்டு படித்த பிள்ளை விசாரிப்பதில்லை. இந்த விந்தைக்குக் காரணம் என்ன?

காரணம் அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. அச்சமே உண்மையான காரணம் என்பது என் எண்ணம். நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அலுவலக வாசலை வீட்டில் யாரும் மிதித்ததில்லை. ‘வேலை கொடுக்கிறேன் என்கிறார்களே, அதுவே பெரிது, இதில் கேள்வி வேறு கேட்பதா?’ என்று நினைத்துக் கூசி நிற்கிறோம். கேள்வி கேட்டால் திமிர் பிடித்தவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று நடுங்குகிறோம். அளத்தில் என் தாயாருக்கு அந்த நடுக்கம் இல்லை. ஏனெனில் அது அவருக்குத் தெரிந்த உலகம். நமக்கு அலுவலகம் தெரியாத உலகம்.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதிகாரி வீட்டுப் பிள்ளை விசாரிப்பதே இல்லை போல் தோன்றும். உண்மையில் அவர் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே விசாரித்து முடித்து விடுகிறார். ‘அந்தக் கம்பெனியா? வேண்டாம், சம்பளம் இரண்டு மாதம் பாக்கி வைக்கிறான்’ என்று சித்தப்பா சொல்லிவிடுவார். ‘இந்த வங்கிக்குப் போ, ஆனால் முதல் மூன்று ஆண்டு வெளியூர்தான்’ என்று மாமா சொல்லிவிடுவார். நமக்கு அப்படிப்பட்ட மாமா இல்லை. மாமா இல்லாதவர் படித்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். முன்கூட்டி விசாரிப்பது மற்றவர்களுக்குக் கூடுதல் பலம். நமக்கு அதுவே தற்காப்பு.

தற்காப்பு என்று சொல்வது மிகை என்று எண்ணாதீர்கள். 2022ஆம் ஆண்டு நடந்த ஒரு செய்தியைப் பாருங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 இளைஞர்கள் புதுடெல்லி ரயில் நிலையத்து நடைமேடைகளில் நின்று, நாள்தோறும் எட்டு மணி நேரம், வருகிற ரயில்களையும் போகிற ரயில்களையும் அவற்றின் பெட்டிகளையும் எண்ணிக் கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் எண்ணினார்கள். பயணச்சீட்டுப் பரிசோதகர், எழுத்தர் முதலிய பணிகளுக்கு அது பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. ஒவ்வொருவரும் 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய். பின்புதான் அப்படி ஒரு வேலையே இல்லை என்பது வெளியாயிற்று. டெல்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. ஏமாந்தவர்களில் பலர் பொறியியல் படித்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ரயில்வே பணிகளுக்கு ஆள் எடுப்பது ரயில்வே தேர்வு வாரியம். அதற்கு வெளிப்படையான அறிவிக்கை உண்டு, எழுத்துத் தேர்வு உண்டு, தேர்ந்தவர் பட்டியல் உண்டு. அறிவிக்கை எண் என்ன என்ற ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் அந்த 28 குடும்பங்களின் பணம் பிழைத்திருக்கும்.

அதே 2022ஆம் ஆண்டிலேயே இன்னொரு கொடுமையும் நடந்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்து வைக்கப்பட்டார்கள். இணையத்தின் வழியே அயலாரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையை அவர்களிடம் வற்புறுத்தி வாங்கினார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இத்தகைய போலி வேலைகள் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். படித்தவர்களைத் தேடித்தான் இந்த வலை விரிக்கப்பட்டது என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

இவை பெரிய செய்திகள். நாளேட்டில் வராத சிறிய செய்திகள் ஊருக்கு ஒன்று உண்டு. எங்கள் தெருவில் பட்டம் பெற்ற அண்ணன் ஒருவர் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று 15,000 ரூபாய் கட்டினார். அது அவருடைய அக்காள் காதில் கிடந்த தோடு. இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை போனால் அறை பூட்டிக் கிடந்தது. பெயர்ப் பலகைகூட இல்லை. அந்தத் தோடு இன்றுவரை திரும்பவில்லை. நம் வீடுகளில் ஒரு வேலைக்கான செலவு என்பது எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அறிவோம். எனவேதான் இது நமக்கு வாழ்வுப் பிரச்சினையாக இருக்கிறது.

‘போலிகளைத் தவிர்த்துவிட்டுப் பெரிய நிறுவனமாகப் பார்த்துச் சேர்ந்தால் போயிற்று’ என்று சிலர் சொல்லக்கூடும். பெயர் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? சத்யம் கணினி நிறுவனம் ஏறக்குறைய 50,000 பேர் பணியாற்றிய நிறுவனம். சிறந்த நிர்வாகத்துக்கான விருதை 2008இல் பெற்றது. 2009 ஜனவரி 7ஆம் நாள், கணக்குகளில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய்யாகக் காட்டப்பட்டிருந்தது என்று அதன் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக் கொண்டார். திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை தந்தது. 2014 நவம்பர் 1ஆம் நாள் அது உற்பத்தியை நிறுத்திக் கொண்டது. சத்யத்தின் பொய்க்கணக்கு வெளியில் இருந்தவர் எவராலும் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியதன்று. ஆனால் நோக்கியாவின் வரி வழக்கு 2013ஆம் ஆண்டிலேயே நாளேடுகளில் வந்துவிட்டது. அந்தச் செய்தியைத் தொடர்ந்து படித்து வந்த ஒருவர் 2014இல் அங்கே சேர்வதா வேண்டாமா என்று தெரிந்து முடிவெடுத்திருக்க முடியும். விசாரணை எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஆயினும் காட்டக் கூடியதைக் காட்டும்.

மற்றொன்று, நாம் வேலை பார்க்கும் இடத்தின் பெயரும் நமக்குச் சம்பளம் தருபவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர்ப் பகுதிப் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் ஊழியர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினார்கள். விடுதி உணவு உண்டு நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் நோயுற்றதுதான் அதன் தொடக்கம். அவர்களில் பலர் ஒப்பந்ததாரர்கள் வழியாகச் சேர்க்கப்பட்டவர்கள். வெளியூரில் தங்கி வேலை செய்யப் போகிற பெண்கள் சம்பளத்தைக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. விடுதி யாருடையது, ஓர் அறையில் எத்தனை பேர், இரவு முறைக்கு வண்டி உண்டா, நோய் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்பது பேராசையாகாது. ‘நேரடி வேலையா, ஒப்பந்த வேலையா?’ என்பது நான்கே சொற்கள் கொண்ட கேள்வி. ஓராண்டுக் கண்ணீரை அது தடுக்கும்.

சரி, எப்படி விசாரிப்பது? வேதியியல் மாணவி என்ற முறையில் உப்பளத்திலிருந்தே ஓர் உவமை சொல்கிறேன். கடல் நீரை எடுத்தவுடன் உப்புப் பாத்தியில் விடுவதில்லை. ‘டிகிரி பார்க்கிற’ பாமே மானியை மிதக்க விட்டு அளக்கிறார்கள். கடல் நீர் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்ற விட்டு, 25 டிகிரியை நெருங்கிய பிறகுதான் உப்பு விளையும் பாத்திக்குள் நீரை விடுவார்கள். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மக்னீசிய உப்புகள் கலந்து கசந்துவிடும். அந்த நீரை வடித்து வெளியேற்றுவார்கள். கண்ணால் பார்த்தால் மூன்றும் தண்ணீர்தான். அளந்தால்தான் வேற்றுமை தெரியும். நிறுவனங்களும் அப்படியே. அளக்கும் கருவிகள் பல இன்று செலவில்லாமல் நம் கைக்கு எட்டுகின்றன.

முதலாவது, பதிவு. கம்பெனியாகப் பதிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 21 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் உண்டு. அதன் கடிதத் தாளில் இது அச்சிடப்பட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். அந்த எண்ணிலேயே அது எந்த மாநிலத்தில், எந்த ஆண்டில் பதிவாயிற்று என்பது அடங்கியிருக்கிறது. ‘முப்பது ஆண்டுப் பாரம்பரியம்’ என்று விளம்பரம் செய்பவரின் எண்ணில் சென்ற ஆண்டு இருந்தால் நாம் விழித்துக் கொள்ளலாம். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் அப்பெயர் இருக்கிறதா, இயங்குகிறதா என்றும் பார்க்கலாம். கம்பெனியாக இல்லாத கடை, பட்டறைகளுக்கு ஜி.எஸ்.டி. எண் இருக்கக்கூடும். அது 15 இலக்கம். தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தால் 33 என்று தொடங்கும். அந்த எண்ணைத் தேடினால் உரிமையாளரின் சட்டப்படியான பெயர் தெரியும்.

இரண்டாவது, வருங்கால வைப்பு நிதி. சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கட்டுகிறார்களா என்பதே கேள்வி. வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்காகப் பணம் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க முடியும். ஐந்நூறு பேர் வேலை செய்கிறார்கள் என்று சொல்பவர் ஐம்பது பேருக்கு மட்டும் கட்டினால், மீதி நானூற்று ஐம்பது பேரில் நாமும் ஒருவராக இருக்கக்கூடும் அல்லவா?

மூன்றாவது, அரசு வேலை. தேர்வாணையமும் தேர்வு வாரியங்களும் இடைத்தரகர் வழியாக ஒருநாளும் ஆள் எடுப்பதில்லை. அறிவிக்கையை அவற்றின் சொந்த இணையதளத்தில் படியுங்கள். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக் கொள்ளுங்கள்.

நான்காவது, அயல்நாட்டு வேலை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் ஆள் அனுப்பும் முகவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று விதிக்கிறது. இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர்களின் பட்டியலைப் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைச் சென்னையில் அமைத்திருக்கிறது. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஐந்தாவது கருவி இணையதளத்தில் இல்லை. வேலை முறை மாறும் நேரத்தில் தொழிற்சாலை வாசல் தேநீர்க் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். ‘அண்ணே, போன மாதச் சம்பளம் எத்தனாம் தேதி வந்தது?’ என்று மூன்று பேரைக் கேளுங்கள். மூவரும் ஒரே தேதியைச் சொன்னால் நல்லது. மூவரும் சிரித்தால் திரும்பிப் பேருந்து ஏறிவிடுங்கள். என் தாயார் செய்வது இதைத்தான்.

இதோடு இரண்டு விஷயங்களில் உறுதியாக நிற்க வேண்டும். பணி நியமனக் கடிதம் கேட்டுப் பெற வேண்டும். பணியாளர் ஒவ்வொருவருக்கும் அதைத் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பே கூறுகிறது. அசல் சான்றிதழ்களை எவரிடமும் அடகு போல் விட்டு வரக் கூடாது. சரிபார்க்கக் காட்டலாம், காட்டிய கையோடு திரும்பப் பெற வேண்டும்.

விசாரிப்பதன் பயன் தற்காப்போடு முடிந்துவிடுவதில்லை. நேர்முகத் தேர்வில் நம் நாவுக்கு வலிமை தருவதும் அதுவே. வள்ளுவப் பெருந்தகை பணியில் அமர்த்துபவர் ஆராய்ந்து தெளிய வேண்டும் என்பதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என்று 51ஆம் அதிகாரத்தை வகுத்தார். அத்துடன் நின்றாரா? ‘அவையறிதல்’ என்பதை 72ஆம் அதிகாரமாகவும், ‘அவையஞ்சாமை’ என்பதை 73ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இந்த வரிசையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாக இருக்கிறது. முதலில் அவையை அறிய வேண்டும். அறிந்தால் அச்சம் தானே போகும். நேர்முகத் தேர்வில் கை நடுங்குகிறது என்று வருந்தும் நம் தோழியர்க்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் ஆய்வுக்கூடத்திலோ, அதுபோன்ற வேறோர் உப்பு நிறுவனத்திலோ வேலைக்கு நம் துறை மாணவர் ஒருவர் போகிறார் என்று வைத்துக் கொள்வோம். ‘எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். ‘குடும்பக் கஷ்டம் ஐயா’ என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அது உண்மைதான், ஆனால் வாசலில் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் அது உண்மை. விசாரித்துச் சென்றவர் வேறு விதமாகப் பேசுவார். அந்தக் கழகம் 1974இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் என்பதும், இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் அதன் உப்பளங்கள் இருப்பதும், அது அயோடின் கலந்த உப்பைத் தயாரிப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். உண்ணும் உப்பில் அயோடின் இருந்தே தீர வேண்டும் என்ற விதி 2006 முதல் நாடெங்கும் நடைமுறையில் இருப்பதும், வாங்குபவர் கையில் சேரும்போது அது பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும். அந்த அளவை எப்படிச் சோதிப்பது? சோடியம் தயோசல்பேட்டும் ஸ்டார்ச்சும் கொண்டு செய்யும் அதே அயோடின் தரம்பார்த்தல் சோதனைதான்! நம் ஆய்வுக்கூடத்தில் நீல நிறம் மறையும் அந்த ஒரு சொட்டுக்காக மூச்சைப் பிடித்துக் கொண்டு நின்றோமே, அதே சோதனை. ‘இதை நான் கல்லூரியில் செய்து பழகியிருக்கிறேன் ஐயா, உப்பு விளைவதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தேன்’ என்று அவர் சொல்லலாம். நம் படிப்பும் நம் பிறப்பும் இரண்டுமே தகுதியாக மாறும் இடம் அது. விசாரிக்காமல் போனவருக்கு அந்தக் கதவு தெரியவே தெரியாது.

ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். ‘தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? வேலையே கிடைக்காத காலத்தில் தேர்ந்தெடுக்க நாம் யார்?’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் வலி இருக்கிறது. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால், வேலை தானம் அன்று. நம் நாளில் எட்டு மணி நேரத்தை, நம் கண்ணின் ஒளியை, நம் இளமையைக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறோம். கொடுக்கிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு.

உண்மையைச் சொன்னால், விசாரித்து, குறைகளை அறிந்த பிறகும் சில நேரம் அங்கேயே சேர வேண்டி வரும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அப்போதும் விசாரித்தது வீணாகாது. சம்பளம் தாமதமாகும் இடம் என்று தெரிந்தால் முதல் மாதச் செலவுக்குக் கையில் ஏதேனும் வைத்துக் கொண்டு போகலாம். எதில் கையெழுத்து இடக் கூடாது என்று தெரியும். எத்தனை மாதம் இருந்து, என்ன கற்றுக் கொண்டு, எங்கே மாறலாம் என்று திட்டமிடலாம். என் தாயாரும் சில ஆண்டு நல்ல அளம் கிடைக்காமல் சுமாரான அளத்துக்குப் போனதுண்டு. ஆனால் தெரிந்தே போனார். முன்பணத்தைக் குறைவாக வாங்கிக் கொண்டு போனார்.

இப்போது கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். தனித்தனியே ஒவ்வொருவரும் விசாரிப்பது கடினம். நமக்கு இல்லாத அந்த மாமாவைக் கல்லூரியே உண்டாக்கித் தர முடியும். இது புதிய யோசனையும் அன்று. நம் கடற்கரையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்த யோசனை. ஆற்றுப்படை என்றால் என்ன என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு வள்ளலிடம் சென்று பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞரை நிறுத்தி, ‘இந்த வழியே போ, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், அந்த வள்ளல் இத்தகையவன்’ என்று சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அந்தப் பாணன் செல்லும் வழியில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிடங்கில் என்பதோ இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊர். நாம் நாள்தோறும் பேருந்தில் போய் வருகிற வழிதான் அது!

பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்லும் அந்த அறத்தை நம் கல்லூரியில் ஏன் தொடரக் கூடாது? நூலகத்தில் ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் போதும். வேலைக்குச் சென்ற முன்னாள் மாணவர் ஒவ்வொருவரும் அதில் ஒரு பக்கம் எழுதட்டும். நிறுவனம் எது, நேரடியா, ஒப்பந்தமா, சொன்ன சம்பளம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, சம்பளத் தேதி, வேலை நேரம், தங்குமிடம், நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விகள், தம்பி தங்கையை அங்கே அனுப்புவீர்களா? இந்த ஒன்பதுக்கு விடை எழுத அரை மணி நேரம் ஆகும். மதிப்பிற்குரிய பேராசிரியர்கள் அதை மேற்பார்வையிட்டு, பொய்யும் வசையும் புகாமல் காக்கலாம். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு நாள், கணினி அறையில், மேலே நான் சொன்ன இணையதளங்களைத் திறந்து பார்க்கக் கற்றுத் தரலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மனம் ஒதுக்கினால் போதும்.

தோழர்களே, தோழியரே! நாம் கேள்வி கேட்காத பிள்ளைகளாக வளர்க்கப்பட்டவர்கள் அல்லர். கேள்வி கேட்டே பிழைத்த பெற்றோரின் பிள்ளைகள். அவர்கள் அளத்தில் கேட்டதை நாம் அலுவலகத்தில் கேட்போம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்போம். உப்பிடப் போகிறவரை முன்பே அறிவோம். அந்த நோட்டுப் புத்தகத்தை இந்த ஆண்டே நூலக மேசையில் வைக்க நம் முதல்வர் ஐயா இசைவு தர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன். அட்டை போட்டு, கோடு கிழித்து, ஒன்பது தலைப்புகளையும் எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.